பள்ளியில் வந்த சோதனை வீட்டில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் சுருக்கிக்கொள்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு. வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டும் சோதனைகளை வீட்டுக்கு வந்ததும் திரும்பச் செய்கிறாள். பாதிக்கு மேல் புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை, உடனே அழுகை. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிற அறிவியல் கிட் ஒன்றை வாங்கித் தரலாமா, அடுப்படியில் பிள்ளையை நெருப்போடும் சுண்ணாம்போடும் மல்லுக்கட்ட விடலாமா, இதனால் படிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, பரீட்சையில் குழம்பிவிடமாட்டாளா என்று கேட்கிறீர்கள்.

கிட் வேண்டாம். செய்ய விடலாம், சிலவற்றைத் தவிர; அவை எவை என்று பின்னால் சொல்கிறேன். பிரயோஜனம் நிச்சயம் உண்டு. புத்தகத்தில் உள்ளபடி வராமல் போகிறது என்கிறீர்களே, அந்தச் சமயத்தில்தான் அது அதிகம். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷப் பீரியட். ஆசிரியர் மேசைமேல் வைத்து ஒரு தடவை செய்து காட்டுவார். முன்வரிசைக்குத் தெரியும், கடைசி பெஞ்சுக்கு அவருடைய முதுகுதான் தெரியும். எந்தக் கம்பி, எந்த ஆணி, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவர் வருஷக்கணக்கில் செய்து பழகி வைத்திருப்பது. அதனால் சோதனை பிசகாமல் வந்துவிடும், பிள்ளைகள் முடிவை எழுதிக்கொள்வார்கள். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, கிடைக்கிற நேரத்துக்கு அவ்வளவுதான் முடியும். வீட்டில் செய்யும்போது அந்தக் கம்பியையும் ஆணியையும் பிள்ளையே தேட வேண்டியிருக்கிறது. கையில் கிடைத்த கம்பி வேறாக இருக்கும், சோதனை படுத்துவிடும். ஏன் படுத்தது என்று அவள் குடையத் தொடங்கினால், வகுப்பில் ஆசிரியர் சொல்லாமலே செய்துவிட்ட காரியங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பிள்ளைகளே கையால் செய்வது என்பதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சோதனை செய்வார்கள், பார்த்ததை எழுதுவார்கள், அப்புறம் வகுப்பாகக் கூடி விவாதிப்பார்கள். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டு போகலாம். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வாங்க வேண்டாம், கருவேல முள் போதும் என்றார்கள். அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷம் ஓடிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தா, ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர், இந்தத் திட்டத்தோடு பழகித்தான் இந்த வழிக்கு வந்தார். நம் பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அவர்களுடைய ‘துளிர்’ இதழும் இதே பாதையில் வெகு காலமாக வேலை செய்து வருகின்றன.

கிட் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதில் எல்லாமே அளந்து, வெட்டி, பொட்டலம் கட்டி வந்துவிடுகிறது. கூடவே என்ன முடிவு வரும் என்ற தாளும். ஒரு தடவை செய்வார்கள், அருமையாக வரும், பெட்டி பரணுக்குப் போய்விடும். அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் அளக்கிற கருவி, சில நூறு ரூபாய்தான். ஒரு கைலென்ஸ். மருந்துக்கடையில் பெட்டாடின். பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி சும்மாவே தருவார்கள். மீதி எல்லாம் வீட்டில் இருக்கிறது.

சரி, சோதனைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எங்கே பெரும்பாலும் சிக்குகிறதோ அவற்றை மட்டும்.

மெழுகுவர்த்திச் சோதனை உங்கள் மகளும் செய்திருப்பாள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது, டம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. ‘காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது’ என்று நோட்ஸில் இருக்கும். பல தலைமுறைகளாகச் சொல்லிக் கொடுக்கிற விளக்கம்தான். ஆனால் தவறு. அது தவறு என்று கண்டுபிடிக்க ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் இருக்கிற பொருள்களே போதும்.

தண்ணீரில் இரண்டு சொட்டு மை விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மட்டம் தெளிவாகத் தெரியும். டம்ளரைக் கவிழ்த்ததிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்றால் சுடர் எரிய எரியத் தண்ணீர் ஒரே சீராக ஏற வேண்டும். அப்படி நடக்காது. சுடர் நன்றாக எரியும்போது தண்ணீர் பெரிதாக அசையாது. சுடர் மங்கி அணைகிற நேரத்தில் சரசரவென்று மேலே வரும். இன்னொன்று, டம்ளரை இறக்கும்போது விளிம்பில் சில குமிழிகள் வெளியேறுவதைப் பார்க்கலாம். சூட்டில் விரிந்த காற்று அது. உள்ளே மிஞ்சிய காற்று சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி இதனால்தான்.

இப்போது அதே டம்ளர், அதே அளவு தண்ணீர், ஆனால் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை. ஆனாலும் தண்ணீர் இன்னும் உயரம் ஏறும், ஏனென்றால் காற்று இன்னும் அதிகமாகச் சூடாகி அதிகமாக வெளியேறிவிட்டது. இந்த இடத்தில் ஆக்சிஜன் கதை அடிபட்டுப் போகிறது. உண்மையில் 21 சதவீத ஆக்சிஜன் 16 சதவீத வாக்கில் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடும், முழுவதும் தீர்வதே இல்லை. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும் என்றாலும் அந்தச் சில நொடிகளில் பெரிதாகக் கரையாது.

‘அப்போது ஐந்தில் ஒரு பங்கு என்பதே பொய்யா?’ என்று அவள் கேட்பாள். பொய்யில்லை. அதை நிரூபிக்க நெருப்பில்லாத வேறு வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு வாயு எதையும் விடுவதில்லை. லேத் பட்டறையில் கொஞ்சம் இரும்புத்தூள் வாங்கி, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, வினிகரில் சற்று நனைத்து அலசிவிட்டு, உட்புறம் ஈரமாக்கிய நீளமான கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒட்டும்படி போட்டு, குப்பியைத் தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வைக்க வேண்டும். சில நாளில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறி நின்றுவிடும். அதன்பின் எத்தனை நாள் வைத்தாலும் பெரிதாக ஏறாது. அந்த நின்றுவிடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். முழு விஷயமும் அதில்தான். அளவை தினமும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். மத்தியான வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மட்டத்தைக் கீழே தள்ளிவிடும். அப்புறம், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் போட்டால் ஒரு மாதம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. அது துருப்பிடிக்காத எஃகு. வெளிநாட்டு வீடியோக்களில் வருவது சாதா இரும்பு நார். இந்த ஒரு வித்தியாசத்தில் கவிழ்ந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

மெழுகுவர்த்தி என்றதும் மைக்கேல் பாரடே நினைவுக்கு வருகிறார். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். வீட்டுக்குப் போனதும் குளிர்ந்த காற்றில் கிடந்த கரண்டி ஒன்றை எடுத்துச் சுடருக்கு மேலே, கரி பிடிக்காதபடி, பிடித்துப் பாருங்கள், மங்கிவிடும் என்று அவர்களிடம் சொன்னார். மெழுகு எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது என்பதற்கான சாட்சி அந்த மங்கல். லண்டன் டிசம்பருக்கு இது பொருத்தம். சென்னையில் செய்தால்? குளிர்ந்த கரண்டிக்கு ஃபிரிட்ஜைத்தான் திறக்க வேண்டும். வெளியே எடுத்த கரண்டி மெழுகுவர்த்திப் பக்கம் போவதற்கு முன்னாலேயே வியர்த்துவிடும், நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். மெழுகிலிருந்து வந்த தண்ணீர் என்று பிள்ளை சந்தோஷமாக எழுதிவிடுவாள். அப்போது ஒன்றும் சொல்லாமல், ‘இன்னொரு கரண்டியையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மெழுகுவர்த்தியே இல்லாத இடத்தில் பிடித்துப் பாரேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டும் மங்கும். மெழுகுவர்த்தி செய்த வேலை எது, காற்று செய்த வேலை எது என்று பிரிக்க அவளே வழி தேட வேண்டும். அறையிலேயே கிடந்த டம்ளரைச் சுடர்மேல் கவிழ்த்தால் உட்பக்கம் மட்டும் லேசாக மங்குவதை அவள் சீக்கிரமே கவனிப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்பதைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் மண்டையில் ஏறாது. ஒரு தடவை கரண்டி ஏமாற்றினால் ஏறிவிடும்.

அடுத்தது விதை. ஒரு குச்சியில் மூன்று மொச்சை அல்லது கொண்டைக்கடலையை மேலே, நடுவே, கீழே என்று கட்டி டம்ளரில் நிறுத்தி, நடுவிதை பாதி மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றுவது. மேல்விதைக்குத் தண்ணீர் இல்லை, கீழ்விதைக்குக் காற்று இல்லை, நடுவிதைக்கு இரண்டும் உண்டு, ஆகவே நடுவிதை மட்டும் முளைக்கும் என்று பாடம். வீட்டில் பாருங்கள், கீழே மூழ்கிக் கிடக்கும் விதையும் பல சமயம் முளையை நீட்டியிருக்கும். உடனே பிள்ளைக்கு முகம் வாடிவிடும். வாட வேண்டியதே இல்லை. தண்ணீரிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது, மீன் அதில்தான் மூச்சு விடுகிறது. வீட்டில் யாராவது, பெரும்பாலும் பாட்டி, தண்ணீர் கெட்டுப்போகுமே என்று தினமும் மாற்றியிருப்பார்கள். மாற்றும்போதெல்லாம் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது.

இதைச் சரிபார்க்க இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் தினமும் மாற்றும் பச்சைத் தண்ணீர். மற்றதில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது, எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடாது. தண்ணீர் முழுக்க ஆறிய பிறகுதான் விதையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெந்த கடலை முளைக்கவில்லை என்று அறிவியல் எழுதிக்கொண்டிருப்போம். இரண்டு டம்ளரிலும் ஐந்தாறு விதைகளாவது போடச் சொல்லுங்கள். ஒரே விதையை வைத்து முடிவு சொல்லக்கூடாது, அது பூச்சி அரித்த விதையாகவும் இருக்கலாம்.

வெளிச்சம் இல்லாமல் விதை முளைக்குமா என்றும் பாடத்தில் வரும். அதற்குச் சோதனையே வேண்டாம், மாரியம்மன் கோயில் முளைப்பாரியை நினைத்துப் பார்த்தாலே போதும். இருட்டறையில்தான் வளர்க்கிறார்கள், நன்றாகவே முளைக்கிறது, ஆனால் வெளிறிய மஞ்சளாக, உயரமாக நீண்டு வளர்கிறது. முளைக்க வெளிச்சம் தேவைப்படவில்லை, பச்சையாவதற்குத்தான் தேவை. ஊரில் முளைப்பாரி போட்டவர்கள் வீட்டில் இருந்தால் எந்தத் தானியம், எத்தனை நாள், கதவை எப்போது திறப்பார்கள் என்று பிள்ளையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மஞ்சள் சோதனை சுலபம். ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால்தான் என்று உங்களுக்கே தெரியும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சுண்ணாம்புக்குப் பதில் பிள்ளைகள் சமையல் சோடாவைப் போடுகிறார்கள். அது மிக மெல்லிய காரம். மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையிலேயே நிற்கிறது, அதனால் சிவப்பு வராமல் ஒரு மாதிரி பழுப்பாக வரும். சலவைச் சோடாவோ சோப்புத் தண்ணீரோ போட்டால் பளிச்சென்று சிவக்கும். எல்லாக் காரமும் ஒரே வலு இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். சமையல் சோடாவைத் தெளிவாகக் காட்டச் சங்குப்பூச் சாறு நல்லது: எலுமிச்சை பட்டால் ஊதா, இளஞ்சிவப்பு, சோடா பட்டால் நீலம் பச்சைப் பக்கம் போகும்.

எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிவதுபோல் காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்திய ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி. எரியவே 1.8 வோல்ட் பக்கம் வேண்டும். ஆகவே மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைக்க வேண்டும். ஒரு பழத்தின் செம்பு அடுத்த பழத்தின் ஆணிக்கு, எல்.இ.டி.யின் நீளமான கால் செம்புப் பக்கம். அப்போதும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் மினுக்குவது தெரியும். டார்ச் பல்பு எத்தனை பழம் கோத்தாலும் எரியாது. அதற்கு முந்நூறு மில்லி ஆம்பியர் வாக்கில் மின்னோட்டம் வேண்டும், பழம் தருவது ஒரு மில்லி ஆம்பியர் வாக்கில்தான். மல்டிமீட்டர் வாங்கச் சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கும். பல்பு எரியவில்லை என்றால் அழுகை வரும், மீட்டரில் 0.9 என்று எண் தெரிந்தால், ‘இன்னொரு பழம் சேர்த்தால் எவ்வளவு?’ என்று அடுத்த கேள்வி தானாக வரும். செம்புக்குப் பதில் நாணயத்தைச் செருகும் வழியும் நம்மிடம் பலிக்காது, இப்போதைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. மின்சாரத்துக்கான சரக்கு துத்தநாகத்திலிருந்துதான் கரைந்து வருகிறது, பழச்சாறு அதற்கு வழிவிடுகிறது. அதனால் அந்தப் பழத்தை அப்புறம் ரசத்தில் பிழிந்துவிடாதீர்கள்.

ஆணியில் கம்பி சுற்றிச் செய்த மின்காந்தம் வேலை செய்யவில்லை என்று வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கம்பி நுனியைச் சுரண்டினாயா? காயில் கடைக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கிறது. உப்புத்தாள் போட்டு நுனியைத் தேய்க்காவிட்டால் மின்சாரம் பாயாது. அது குண்டூசியை இழுக்கத் தொடங்கியதும் பேட்டரியை உடனே கழற்றிவிட வேண்டும், கம்பி சுடும்.

புத்தகத்தைத் தாண்டி ஒன்று சொல்லித் தருவதென்றால் நெல்லிக்காயைச் சொல்வேன். பெட்டாடினில் அயோடின் இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதில் கொஞ்சம் சோறு வடித்த கஞ்சியைக் கலந்தால் கருநீலம். ஸ்டார்ச்சுக்கான சோதனை என்று வகுப்பில் படித்ததுதான். இட்லி, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி என்று எல்லாவற்றிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நிறம் காணாமல் போகும். வைட்டமின் சி அயோடினை மாற்றிவிடுகிறது. எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். அதே அளவு தண்ணீர் கலந்த நெல்லிச் சாற்றை விட்டால் மிகக் குறைந்த சொட்டிலேயே நிறம் போய்விடும். அப்புறம் கொதிக்க வைத்த சாறு, நேற்றுப் பிழிந்த சாறு, பாக்கெட் ஜூஸ் என்று அவளே ஆரம்பித்துவிடுவாள். மின்சாரம் இல்லை, நெருப்பில்லை, எண் கிடைக்கிறது. இதைவிட நல்ல வீட்டுச் சோதனை எனக்குத் தெரியாது.

இனி ஆபத்து. இதில் மட்டும் வளைந்து கொடுக்கக் கூடாது.

சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து எந்தச் சோதனைக்கும் மின்சாரம் எடுக்கக்கூடாது, டார்ச் செல்லும் 9 வோல்ட் பேட்டரியும் போதும். தண்ணீரில் மின்சாரம் செலுத்தி அதை வாயுக்களாகப் பிரிக்கும்போது உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். சமையல் சோடா போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டும் கலந்தாலும் குளோரின்தான், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. சோடாவும் வினிகரும் கலந்த பாட்டிலை இறுக்கி மூடக்கூடாது, பலூன் மாட்டலாம். ஸ்பிரிட்டும் சானிடைசரும் நெருப்புப் பக்கமே வரக்கூடாது. வகுப்பில் இலையை ஆல்கஹாலில் கொதிக்க வைத்த சோதனையை வீட்டில் செய்ய வேண்டவே வேண்டாம். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக்கூடாது, ஒரு நொடிகூட.

சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிற சுட்ட சுண்ணாம்புக் கல் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டாணியளவு எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் குலுக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேலே உள்ள தெளிநீரை மட்டும் நீங்கள் வடித்துக் கொடுங்கள். அதில் ஸ்ட்ரா வழியாக ஊதினால் பால்போல வெளுக்கும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியத் தொடங்கும், இதை வகுப்பில் நேரமின்மையால் யாரும் காட்டுவதில்லை. ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக்கூடாது. கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் கழற்ற வேண்டாம். இல்லாவிட்டால் மலிவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் மற்ற எதையும் யோசிக்காமல் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷமாவது விடாமல் கழுவி, நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெருப்பு வருகிற சோதனை என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், செல்போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. பருத்தி உடுப்பு, பின்னிய தலைமுடி, துப்பட்டா இல்லை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஃபேன் ஓடக்கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் வாங்கவே வேண்டாம், விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையோ குடலையோ புண்ணாக்கிவிடும்.

அழுகைக்கு வருகிறேன். வரவில்லை என்று அவள் ஓடி வந்தால் ‘புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?’ என்று கேட்காதீர்கள், யூடியூபையும் திறக்காதீர்கள். ‘நீ என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். பார்த்ததை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பிடிக்காததையும் சேர்த்து. வகுப்பில் செய்ததற்கும் இதற்கும் என்னென்ன வித்தியாசம் என்று ஒரு பட்டியல் போடட்டும்: கம்பி வேறு, தண்ணீர் உப்புத் தண்ணீர், டம்ளர் பெரிது, இப்படி. அதில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்யட்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நேரம் வீணாகிறதே என்றால், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை நல்ல நேரம். கழுவி எடுத்து வைப்பதும் சோதனையில் சேர்த்தி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அடுப்படிச் சண்டை பாதி குறையும்.

பரீட்சைக் குழப்பம் பெரிதாக வராது. விதை, மஞ்சள், சுண்ணாம்பு எல்லாவற்றிலும் கையால் செய்த பிள்ளைதான் நன்றாக எழுதும். மெழுகுவர்த்தி போன்ற ஓரிரண்டு இடத்தில்தான் அவள் பார்த்ததும் நோட்ஸும் முட்டிக்கொள்ளும். அப்படி முட்டினால் பரீட்சைக்கு முன்பே ஆசிரியரிடம் காட்டிவிடுவது நல்லது. ‘சார், நீங்கள் சொன்னது தப்பு’ என்று போக வேண்டாம். ‘சார், மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது, ஏன்?’ என்று நோட்டோடு போகட்டும். அநேகம் ஆசிரியர்கள் அன்றைக்கே மேசைமேல் வைத்துச் செய்து பார்த்துவிடுவார்கள். அவர் கேட்கவில்லை என்றால் தாளில் நோட்ஸில் உள்ளதை எழுதிவிட்டு மார்க்கை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுடைய நோட்டில் மட்டும் எதையும் அடிக்க வேண்டாம்.